தெளிஞ்ச தண்ணி

— அக்கா, மெதுவா பேசு. அப்பா பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காரு.

— நான் எங்கடி கத்தினேன்? உன் மாமா விடுற குறட்டையில போன்ல நீ பேசுறதே கேக்கல. பாப்பா இப்பதான் கண்ண மூடினா. சொல்லு வாலு, மறுபடியும் கணக்குல கோட்டை விட்டுட்டியா?

— ஆத்துல பாசி வந்துச்சுல்ல...

— வெயில் ஏறினா வர்றதுதானே. அப்பா பம்ப்ஹவுஸ்ல சேர்ந்ததுலேர்ந்து பாக்குறாரு.

— அது நூல் நூலா வர்ற பாசிக்கா. கம்பால சுருட்டி எடுத்துப் போட்டுடுவாரு. இந்த வருஷம் தண்ணி ஓட்டமே இல்லாம நின்னுபோச்சா, பெயிண்ட் டப்பாவைக் கவுத்த மாதிரி மேல படிஞ்சு கெடந்துச்சு. கம்புல சிக்கவே மாட்டேங்குது.

— சரி.

— குழாய்த் தண்ணி நாறுதுன்னு ஊரே வந்து திட்டிச்சு. அப்பா நேத்து பாசியக் கொல்ல ஒரு மூட்டை மயில்துத்தத்தைக் கரைச்சு ஊத்திட்டாரு. காலையில பாத்தா பாசியெல்லாம் செத்து, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நாத்தமும் போச்சு. திட்டினவங்களே வந்து கையப் புடிச்சுக் குலுக்குறாங்க.

— நல்லதுதானேடி. அந்த மனுஷனையும் ஒருத்தர் பாராட்டினாங்களே.

— இல்லக்கா. சயின்ஸ் மிஸ்கிட்ட கேட்டேன். இந்தப் பாசி உள்ளுக்குள்ள விஷம் வச்சிருக்குமாம். உயிரோட இருக்கறப்ப பெருசா வெளிய விடாதாம். கொன்னா, உடைஞ்சு மொத்தமும் தண்ணியில கலந்துடுமாம். கொதிக்க வச்சாக்கூட போகாதாம்.

— மோட்டார் ஓடுதா?

— இன்னைக்கு முழுக்க ஓடுச்சு. எதிர்வீட்டு ஆன்ட்டி, தண்ணி இனிக்குதுன்னு சொல்லிச் சொல்லிக் குடிக்கிறாங்க. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். விடிஞ்சா மறுபடி போட்டுடுவாரு.

— அப்பாகிட்ட சொன்னியா?

— வாய் வரலக்கா. பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. நீ சொல்லேன். நீ சொன்னா மோட்டாரை நிறுத்திடுவாரு.

— அவருக்கு ஒண்ணும் தெரியாதா?

— என்னக்கா சொல்ற?

— மதியம் அப்பாவே போன் பண்ணாருடி. உங்க ஊருக்கும் இந்த ஆத்துத் தண்ணிதான் வருது, பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணியக் காட்டாதே, கேன் வாங்கிக்கோ, சின்னவளையும் நாளைக்கு உன் வீட்டுக்கு அனுப்பிடுறேன்னாரு. ஏன்ப்பான்னு கேட்டேன். வெளிய மூச்சு விடாதேன்னு வச்சுட்டாரு.