மயிரிழை மரியாதை

கொஞ்சம் கிட்டே வாருங்கள், தங்கங்களா. ஒரு மேசைக்கால் வெடித்த கதை சொல்லப் போகிறேன். அந்த மேசையைச் செய்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி பட்டறைக்குச் சொந்தக்காரியான அக்கா; இன்னொருத்தி அவளோடு சேர்ந்து வேலை செய்யக் கடல் தாண்டி வந்த விருந்தாளி. நடுவில் அக்காவின் தம்பி. இனி நான் குறுக்கே வாய் திறக்க மாட்டேன். அக்காவும் தம்பியும் பட்டறையில் பேச ஆரம்பித்து நேரமாகிவிட்டது, கேளுங்கள்.

— அப்ப அந்தச் சத்தம் என்னடா? மேல எதையோ தடதடன்னு இழுக்கறாங்களே.

— பெட்டி கட்டறாங்க அக்கா.

— எதுக்கு?

— பெட்டி எதுக்குக் கட்டுவாங்க? ஊருக்குப் போகத்தான். சாயங்கால ரயில். டிக்கெட்டும் எடுத்தாச்சு.

— அவங்க கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்கே! மேசை முடியலையே! பன்னெண்டாம் தேதி நூலகத் திறப்பு. மூணு காலோட கொண்டுபோய் வெச்சா, புஸ்தகமெல்லாம் சறுக்கிக்கிட்டு வந்து படிக்கறவங்க மடியில உக்காரும்.

— நேத்து அந்தக் கால் வெடிச்சதுல இருந்து அவங்க ஒரு வாய் சாப்பிடலை.

— நான் மட்டும் என்ன விருந்தா சாப்பிட்டேன்? அந்தச் சத்தம் இன்னும் காதுலயே நிக்குது. முப்பது வருஷமா மரத்தோட மல்லுக்கட்டறேன். பொருத்தும்போது ஒரு கால் இப்படி வாயைப் பொளந்து நான் பார்த்ததில்லை, சொல்லிட்டேன்.

— கால்ல துளை போட்டது நீ. சட்டத்து முனையில கழுந்து செதுக்கினது அவங்க. துளைக்குள்ள கழுந்து இறங்கணும், அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். கதவைச் சாத்து. இன்னும் கொஞ்சம் சாத்து. தப்பு... துளையிலதான்டா.

— உன் துளையிலயா?

— வேணும்னேதான் இறுக்கமா வெட்டினேன்.

— அக்கா!

— கத்தாதே. நம்ம வீட்டு வழக்கம் என்ன? துளை, மரத்துல கிழிச்ச கோட்டுக்குச் சரியா இருக்கும். கழுந்து மயிரிழை தடிமனா இருக்கும். சீவிச் சீவி இறக்குவோம். அவங்க ஊர்ல தலைகீழ். கழுந்து கோட்டுக்குச் சரி, துளைதான் மயிரிழை இறுக்கம். கழுந்தைச் சுத்தியலால தட்டி, நசுக்கி, உள்ள விட்டா அது அப்புறம் உப்பிப் பிடிச்சுக்கும். நீதானே சொன்னே?

— சொன்னேன்.

— யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னு நான் சத்தியம் வாங்கலையா?

— வாங்கினே.

— வந்தவங்களுக்கு ஒரு சந்தோஷம் குடுக்கலாம்னு பார்த்தேன். அடிச்சு இறக்கும்போது, 'அட, நம்ம ஊர் மாதிரியே இறங்குதே'ன்னு முகம் மலரட்டும்னுதான். மலர்ந்துச்சா? பொளந்துச்சு. மயிரிழைக்கு மேல எங்கயோ இறுக்கிட்டேன் போல. என் கை சறுக்கிருக்கு.

— அக்கா, அது வந்து...

— என்னடா முழிக்கறே, திருடனைத் தேள் கொட்டின மாதிரி? மேல போ. தப்பு என்னோடதுன்னு சொல்லு. பெட்டியை அவிழ்க்கச் சொல்லு.

— நீயே போய்ச் சொன்னா என்ன?

— என் பேச்சு அவங்களுக்கு எங்க புரியும்?

— நல்லாவே புரியும். வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு நம்ம பேச்சைப் படிச்சிருக்காங்க. வந்த அன்னைக்கு உன்கிட்ட பேசினாங்களே. நீதான் விழுந்து விழுந்து சிரிச்சே.

— ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி, 'வணக்கம், தங்கள் உளிகள் நலமா?'ன்னு கேட்டா சிரிப்பு வராதா?

— அதோட உன்கிட்ட வாயே திறக்கலை. நாலு மாசமா ஒரு ஆணி வேணும்னாலும் அவங்க என்கிட்ட சொல்லி, நான் உன்கிட்ட சொல்லி, நீ என்கிட்ட குடுத்து...

— கணக்கு ஒப்பிக்காதே. போடா.

*

— கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே வாருங்கள், தம்பி.

— பெட்டியைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா. அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா.

— முதலில் நான் சொல்லிவிடுகிறேன். பிறகு என் துணிவு போய்விடும். அந்தக் காலை உடைத்தவள் நான்.

— நீங்களா?

— எங்கள் ஊரில் கழுந்தைக் கோட்டுக்குச் சரியாகச் செதுக்குவோம். உங்கள் வீட்டில் மயிரிழை தடிமனாக விடுவீர்கள். நான் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள். நினைவிருக்கிறதா?

— நல்லாவே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நீங்களும் கேட்டுக்கிட்டீங்க.

— நீங்களும் என்றால்? வேறு யார் கேட்டார்கள்?

— வாய் தவறிடுச்சும்மா. என்னை விடுங்க. நீங்க சொல்லுங்க.

— உங்கள் அக்கா மகிழட்டும் என்று நானும் தடிமனாக விட்டேன். அவர் சீவிச் சீவி இறக்குவார், அவருடைய இழைப்புளி பாடுவதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அவர் சீவவில்லை. புன்னகையோடு சுத்தியலை என் கையில் கொடுத்தார். மறுக்க வெட்கமாக இருந்தது. அடித்தேன்.

— அதுக்காக ஊருக்கா கிளம்பணும்?

— எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிறர் வீட்டு மரத்தைக் கெடுத்தவர் அந்த வீட்டில் மறுபடி கருவி எடுக்கக் கூடாது. கருவி எடுக்காமல் நான் இங்கே என்ன செய்வேன்? சோற்றைத் தின்றுவிட்டு சன்னலில் பூனை போல உட்காருவேனா?

— இந்தப் போக்குல போனீங்கன்னா திரும்ப வருவீங்களா?

— எந்த முகத்தோடு வருவேன்? அதோ, தண்ணீர்க் கூஜாவின் கீழே பயணச்சீட்டு. துறைமுகம் வரை ரயில், பிறகு கப்பல்.

— துறைமுகமா? அங்கதாம்மா இந்த மரத்தை வாங்கின கிடங்கு. இதே அடிமரத்தோட மறுபாதி இன்னும் அங்க கிடக்கு.

— அதைத் தொட எனக்கு இனி உரிமை இல்லை, தம்பி.

— டேய்! மேல போனவன் அங்கயே வேர் விட்டுட்டியா?

— நீ எதுக்குக்கா ஏறி வந்தே? நான்தான் வர்றேனே.

— கீழ உக்கார முடியலை, வந்துட்டேன். சொன்னியா, இல்லையா? சொல்லியிருக்க மாட்டே. அம்மா, இங்க பாருங்க. துளையை இறுக்கமா வெட்டினது நான். தப்பு என்னோடது. தம்பி, இதை அவங்களுக்குச் சொல்லு.

— தம்பி, அவரிடம் சொல்லுங்கள். துளையில் குறை இல்லை. என் கழுந்துதான் தடிமன்.

— தடிமனா? கோட்டுக்குச் சரியா செதுக்கற கையாச்சே அது! என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாங்க. ஏன்னு கேளுடா.

— ரெண்டு பேரும் ஒரே அறையிலதான் நிக்கறீங்க, அக்கா.

— அதிகப்பிரசங்கி. சன்னல்கிட்ட நின்னுக்கிட்டு என்ன கிறுக்கறே?

— ஒரு சீட்டு எழுதறேன், மர விஷயமா. இதோ முடிஞ்சுது. நீங்க பேசிக்கிட்டு இருங்க, நான் போய் டீ கொண்டாரேன்.

— எனக்குச் சர்க்கரை தூக்கலா போடு. போயிட்டானா? இவன் இல்லாம நான் எப்படி... அம்மா, கழுந்தை எதுக்குத் தடிமனா விட்டீங்க?

— நான் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

— மாட்டேன்.

— இப்போதே உதடு துடிக்கிறது.

— அது பிறவிக் கோளாறு. நீங்க சொல்லுங்க.

— உங்கள் வீட்டில் கழுந்தைத் தடிமனாக விடுவது வழக்கம். நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன். ஆகவே விட்டேன்.

— அடி என் தாயே! உங்க ஊர் வழக்கமாச்சேன்னு நான் துளையை இறுக்கினேனே!

— எங்கள் ஊர் வழக்கப்படியா? நீங்களா? அதனால்தான் சுத்தியலைக் கொடுத்தீர்களா?

— பின்ன? 'இல்லை, சீவித்தான் இறக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டு கொடுத்தீர்கள். எப்படிச் சொல்வது?

— இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மரம் பாவம், எத்தனை மரியாதையைத்தான் தாங்கும்? 'நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க'ன்னு ரெண்டு பேர் வாசல்ல நெருக்கிக்கிட்டு நிலையையே பேத்த கதையா இருக்கு.

— இப்போது நான் சிரிக்கலாமா?

— தாராளமா. ஆனா பெட்டியை எதுக்குக் கட்டறீங்க?

— மரத்தைக் கெடுத்தவர் அந்த வீட்டில் இனிக் கருவி எடுக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம்.

— நல்ல வழக்கம்! அப்படின்னா கெடுத்ததுல பாதி நான். நானும் எடுக்கக் கூடாது. பட்டறையைப் பூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரும் தெருவுல பட்டாணி விக்கலாம். ஆமா, எங்க வழக்கத்தை உங்களுக்கு யார் சொன்னது?

— தம்பி. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வழக்கத்தை உங்களுக்கு யார் சொன்னார்கள்?

— அதே தம்பிதான். நானும் அதேமாதிரி சத்தியம்... இருங்க. அப்ப அவனுக்கு ரெண்டும் தெரியும்!

— ஆம். இரண்டும் தெரியும்.

— நான் சுத்தியலைக் குடுத்தப்ப பக்கத்துலதான் நின்னான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. பசியாக்கும்னு நினைச்சேன்.

— இருவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நல்ல மனிதர்.

— நல்ல மனுசன்! இருதலைக் கொள்ளி எறும்பு. வரட்டும், வெச்சுக்கறேன். டேய்! டீத்தூள் வாங்கப் போனியா, டீத்தோட்டம் போடப் போனியா? டேய்!

— பதில் இல்லை. கூஜாவின் கீழே என் பயணச்சீட்டும் இல்லை.

— என்னது?

— வேறு ஒரு தாள் இருக்கிறது. அவருடைய கையெழுத்து.

— என் கண்ணாடி கீழ இருக்கு. நீங்களே படிங்க. சிரிக்க மாட்டேன், சத்தியம்.

— 'அக்காவுக்கும் அம்மாவுக்கும். இரண்டு பேர் ரகசியத்தையும் காப்பாற்றினேன், மரத்தைக் காப்பாற்றவில்லை. சுத்தியலை ஓங்கினபோது "நில்லுங்கள்" என்று தொண்டை வரை வந்தது. சத்தியம் செய்தவன் என்று மென்று முழுங்கினேன். அம்மா ஊர் வழக்கப்படி பார்த்தால் மரத்தைக் கெடுத்தவன் நான்தான். நான் உளி பிடித்ததில்லை. அந்தப் பட்டறையில் நான் எடுத்த ஒரே கருவி, உங்கள் இருவருக்கும் நடுவில் பேசின நாக்கு. அதைக் கீழே வைத்துவிட்டேன். இனி எடுக்க மாட்டேன்.'

— அவ்வளவுதானா?

— இன்னும் இருக்கிறது. 'அம்மாவின் பயணச்சீட்டில் துறைமுகத்துக்குப் போகிறேன். நாலு நாளில் மறுபாதி மரத்தோடு வருவேன். அதற்குள் மற்ற மூன்று கால்களையும் பொருத்திவிடுங்கள். துளையைச் சீவுவதா, கழுந்தைச் சீவுவதா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி மரியாதை பார்த்து இரண்டு பேரும் சீவினால் மேசை ஆடும்.'

— சன்னலைத் திறங்க. அதோ பாருங்க, தெருமுனையில! செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடறான். டேய், ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?

— கையை ஆட்டுகிறார். வாய் திறக்கவில்லை.

— சொன்ன சொல் காப்பாத்தறானாம். அது என்ன, கண்ணைத் துடைக்கறீங்க?

— மரத்தூள்.

— மாடியில ஏது மரத்தூள்? சரி, சரி, எனக்கும் அதே மரத்தூள்தான் பட்டுடுச்சு.

— மூன்று கால்கள் காத்திருக்கின்றன.

— இருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு நேராக் கேட்டுடறேன். நாலு மாசமா கேக்காம விட்டது. உங்களுக்கு என்ன வயசு?

— ஐம்பத்து மூன்று.

— அம்பத்து மூணா! எனக்கு நாப்பத்தெட்டுதான்.

— அதனால் என்ன?

— என்னவா? இந்த வீட்டுல இத்தனை வருஷமா நான்தான் பெரியவ. என்னை அதட்ட ஒரு ஆள் கிடையாது. இன்னையோட அந்த ராஜ்ஜியம் போச்சு. பெட்டியை அவிழ்த்துப் போட்டுட்டு இறங்கி வாங்க, அக்கா. நீங்க கழுந்தைச் சீவுங்க. தங்கச்சி நான் மரத்தைப் பிடிச்சுக்கறேன்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் வீட்டில் மேசை ஆடாமல் நிற்கட்டும், கதவு முனகாமல் மூடட்டும், சாப்பிட உட்காரும்போதெல்லாம் எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஆள் இருக்கட்டும்.