மரபெழுத்தை மறுமுறை வாசித்த அம்புஜவல்லி அம்மையார்

மணிமுத்தாற்றங்கரையின் மாண்பாய், மாசறு மதியாய், கோழி வளர்ப்போரின் குறை தீர்க்கும் கோமகளாய், விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைச் சாலையிலுள்ள கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோராண்டு முத்திரை பதித்து, இன்று பணி நிறைவு காணும் முதுநிலை ஆய்வாளர் அம்புஜவல்லி அம்மையாருக்கு, உடன்பணியாளர்கள் உள்ளம் உவந்து படைக்கும் மடல் இது!

மனிதரை முடக்கிய கொள்ளைநோய்க்குப் பின்னரே கொரோனா என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டனர். அம்மையாரோ அதற்கு இருபதாண்டு முன்பே பறவைகளின் கொரோனாவோடு மல்லுக்கட்டியவர்! இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட மரபெழுத்துகள் கொண்ட, வெறுங்கை பட்டாலே சிதைந்துபோகும் அதன் ஆர்.என்.ஏ. இழையை வாசித்து, எந்த வகைக் கிருமி, எந்தத் தடுப்பு மருந்துக்கு அடங்கும் என்று சொல்வதில் அவருக்கு நிகர் அவரே! கரண்டு போனால் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐஸுக்கு அலைந்த கதைகள் ஏராளம். அவை இருக்கட்டும்.

சென்ற ஆடியில், வேப்பூர்ப் பக்கத்து மங்களூர்க் காசியம்மாளின் பண்ணையில் தடுப்பு மருந்து கொடுத்தும் கோழிகள் இருமி இருமிக் கொத்துக் கொத்தாய் மடிந்தன. மடிந்தவற்றில் இருந்தது அந்தத் தடுப்பு மருந்தில் வீரியம் குறைத்து வைத்திருக்கும் கிருமியே என்று அம்மையார் அறிக்கை தந்தார். அவ்வளவுதான்! காசியம்மாள் மருந்தைக் கண்டபடி கொடுத்து நோயைப் பரப்பிவிட்டார் என்று ஊரே பாய்ந்தது. கொட்டகையை இழுத்து மூடச் சொன்னது. அந்த அம்மாளுக்கு அதுதான் பிழைப்பு.

வெளிக்கலப்பு ஏதும் நேர்ந்ததா என்றறிய, மாதிரிகளோடு ஒரு குழாயில் வெறும் நீரையும் வைத்துச் சோதிப்பது இங்கே வழக்கம். அன்றைய அவசரத்தில் அந்தக் குழாயைப் பார்க்காமலே அம்மையார் கையெழுத்திட்டிருந்தார். மறுவாரம் பார்த்தால், வெறும் நீரிலும் அதே மரபெழுத்துகள்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துப் புட்டியை அதே மேசையில் அவரே திறந்திருக்கிறார்; அது எல்லாவற்றிலும் கலந்துவிட்டது. ஓய்வு நெருங்கும் நேரத்தில் எதற்கு வம்பு, ஓசைப்படாமல் விட்டுவிடலாம் என்றோம் நாங்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அவர் எங்களை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வேறு அறையில், புது மாதிரியில், முதலிலிருந்து வாசித்தார். வந்தது முற்றிலும் வேறு வகை; காசியம்மாள் கொடுத்த மருந்துக்கு அடங்காதது. உடனே வேப்பூர் பஸ் ஏறி, அங்கிருந்து மங்களூர் போய், பண்ணைக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "காசியம்மா சரியாத்தாங்க மருந்து குடுத்துருக்காங்க. தப்பு எங்கிட்ட. நான் குடுத்த ரிப்போர்ட்டு தப்பு."

பொருத்தமான மருந்து வந்தது. சுற்றுவட்டாரக் கோழிகள் பிழைத்தன. காசியம்மாளின் கொட்டகை இன்றும் நடக்கிறது. இத்தகையவரோடு ஒரே கூரையின்கீழ் உழைத்தோம் என்று எங்கும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வோம்!

நோயின்றி, நோவின்றி, நுண்மதி குன்றாமல், பேரர் பேத்தியர் சூழப் பல்லாண்டு வாழ்க அம்மையார்!

இம்மடலில் ஊழியர்கள் மட்டுமே கையெழுத்திடுவதாக இருந்தது. இன்று காலையில், முதல் பஸ்ஸிலேயே வந்திறங்கிய ஒருவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "எம் நல்ல பேர மீட்டுக் குடுத்தவங்களுக்கு நான் போடாம வேற யாருங்க போடறது?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஆகவே, வணக்கத்துடன்,

காசியம்மாள், மங்களூர்.
அவருக்குக் கீழே, ஆய்வுக்கூட ஊழியர்கள்.