பென் டிரைவ் என்று நினைத்த கம்ப்யூட்டர்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இருந்த கணவர் மனைவியிடம் சொன்னார்:

"பத்து நாளா நம்ம கம்ப்யூட்டரு நெட்டுக்கு வாங்கிச் சொருகின டாங்கிளைப் பென் டிரைவ்னு நெனச்சிக்கினு இருந்துச்சு. நேத்துதான் அது நெட்டுன்னு புரிய வெச்சேன்."

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"சீட்டுக்கட்டு அளவு கம்ப்யூட்டரு, அதுக்குப் புரிய பத்து நாளா? நம்ம பட்டுப்புழு நாலு நாள்ல தோலே உரிச்சிடுது."

"கிண்டல் பண்ணாத. இனிமே புழு ஷெட்ல சூடு ஏறினா அதுவே எனக்கு மெசேஜ் அனுப்பும். அந்த தைரியத்துலதான் ரெண்டு பேரும் கெளம்பி வந்தோம். இதுவரைக்கும் ஒண்ணும் வரல, பாரு."

செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். வெளியே நல்ல வெயில்.

"மெசேஜ் மட்டுமா வரல? காலையில இருந்து உனக்கு ஒரு போன் கூட வரல. டாங்கிளுக்கு சிம்மு ஏது?"

"என் போனுல இருந்ததத்தான் கழட்டிப் போட்டேன்."

"மெசேஜு எந்த நம்பருக்குப் போவும்?"

"என் நம்பருக்குத்தான்..."

அவள் தன் போனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியை அழைத்தாள்.

"அக்கா, நம்ம ஷெட்டு ஜன்னலெல்லாம் தெறந்து வுடுக்கா. உள்ள சின்னதா ஒரு கம்ப்யூட்டர் கீது, அதையும் இன்னா சேதின்னு கேளு. காலையில இருந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சிக்கினு இருக்கும்."