ஓடைக்கு அந்தப் பக்கம்

எனக்குத் தேன் பிடிக்காது சார். அந்த வாடையே ஆகாது. ஆனாலும் பாச்சலூருக்குக் கீழே ரெண்டு குடியிருப்புலயும் எடுக்குற மலைத்தேன் என் ஜீப்புலதான் ஏறும். வேற வண்டி அந்தக் காட்டுக்கு வராது.

நடுவுல ஒரு ஓடை. இந்தப் பக்கம் விலை பேசினா, "அக்கரையில கம்மிக்குத் தர்றாங்கப்பா"ம்பேன். ஜீப்புல சுத்திக்கிட்டுப் போய் அக்கரையிலயும் அதையே சொல்லுவேன். ரெண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. பொண்ணு குடுத்து எடுக்குறதும் நின்னுபோச்சு. நான் யாரையும் அடிச்சுப் பிடுங்கினதில்லை.

அக்கரை சின்னத்தாய்தான் அதைக் கெடுத்தா. ஓடை மேல கெடந்த ஒத்தை மரப்பாலத்தைத் தாண்டி வந்து, "ஜெரால்டு உங்ககிட்ட என்ன விலை சொன்னாரு"ன்னு இக்கரைக்காரங்ககிட்ட என்னையப் பத்திக் கேட்டிருக்கா. அவ்வளவுதான். அடுத்த தடவை நான் போனா ரெண்டு குடியிருப்பும் ஒண்ணா உக்காந்திருக்கு.

"இனிமே சேர்ந்துதாங்க குடுப்போம். கொடைக்கானல்ல ஜூலியட் அக்கா கடையிலயும் கேட்டிருக்கோம். வர்ற செவ்வாக்கெழம இக்கரையில கூடிப் பேசி முடிவு பண்ணுறோம்"னா சின்னத்தாய்.

மரியாதையாத்தான் சொன்னா. தேன் கலந்த தண்ணி குடுத்தா. சிரிச்சுக்கிட்டே குடிச்சேன். வளைவுல வண்டிய நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

திங்கக்கெழம ராத்திரி பாலத்து மரத்தை அடிப்பக்கமா பாதி அறுத்தேன். கோடை மழையில ஓடை ரொம்பி ஓடுச்சு. செவ்வாக்கெழம வெள்ளனே மொத ஆளா வர்றது அவதான்னு தெரியும். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது பாருங்க.

கீழ பாறையில கெடந்தவளத் தூக்கிட்டு வந்தப்ப உசிரு இருந்துச்சு. நான் பக்கத்துலதான் வண்டிய நிறுத்தியிருந்தேன். தாண்டிக்குடி ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு மோசம் சார். மெதுவாத்தான் ஓட்டணும். மெதுவாவே ஓட்டினேன்.

"வெரசா போங்கண்ணே"ன்னு அவ புருசன் அழகன் பின்னால இருந்து சொல்லிக்கிட்டே வந்தான். பாதி வழியில அவ மூச்சு நின்னுச்சு, அப்புறம் சொல்லலை. இறங்கும்போது என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மூக்குச்சளியும் கண்ணீருமா கையெல்லாம் ஈரம். சோப்புப் போட்டுத் தேய்ச்சும் போகலை.

மரத்துல ரம்பத் தடத்தைப் பாத்துட்டு, இக்கரைக்காரன்தான் அறுத்தான்னு அக்கரையில சொன்னாங்க. இவங்க அவங்களச் சொன்னாங்க. நான் வாயத் தொறக்கலை. தொறக்க வேண்டிய சோலியே இல்லை. புதுசா மரம் போடவும் யாரும் வரலை.

ரம்பம்தான் என் ஜீப்புல சிக்கிருச்சே, அறுத்தது நான்தான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா என்னைய ரொம்ப நாள் உள்ள வச்சுடாதீங்க சார். பாவம், அந்த சனங்களுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?