காரவள்ளி வரைக்கும் ஹாரன்

— ஐஸ்கட்டியாட்டம் காத்து வரும்னு சொல்லித்தான இந்தக் காரை எனக்கு வித்தீய, சின்னராசு அண்ணாச்சி? இப்பம் வந்து கையை வச்சுப் பாருங்க.

— வருமுங்க டீச்சர். சின்னராசு ஓட்டுன வண்டின்னா அரியூர் நாட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஏசி எப்பப் போச்சு?

— யாருக்குத் தெரியும்? மாசியில வாங்கினதுல இருந்து அந்தப் பட்டனைத் தொட்டதே இல்ல. இந்தக் குளிருல ஏசி போட்டா, பிரிசில்லா டீச்சருக்குக் கிறுக்குன்னு ஊரே சொல்லும். இன்னைக்குத்தான் அது தேவை. இன்னைக்குப் பாத்து காலை வாருது.

— அப்படியென்னங்க தேவை?

— பின்சீட்டுல பெட்டி இருக்குல்லா? மூணு அடுக்கு கேக். ராத்திரி பகலா நின்னு செஞ்சது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சுட்டுக்கிட்டிருந்தேன், நாமக்கல்லுல கல்யாண வரவேற்புக்கே ஆர்டர் வந்துட்டு. முழுக்க வெண்ணெய் க்ரீம். மலைமேல கல்லு மாதிரி நிக்கும். கீழ சித்திரை வெயிலு. ஏசி இல்லாம அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டினா பாயாசம்தான்.

— உடுங்க, பாத்துக்கலாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி உக்காருங்க. நான் பானட்டைத் தொறக்கறேன். உள்ளாற காத்து வருதுங்களா?

— வருது. வெளிய அடிக்குத காத்தே இதுக்குத் தேவலை.

— அப்போ விசிறி நல்லாருக்குது. ஏசி பட்டனை அமுக்குங்க. லைட்டு எரியுதா?

— எரியுது.

— இங்க டக்குனு ஒரு சத்தம் வரோணும். இன்னொருக்கா அமுக்குங்க... ம்கூம். கம்ப்ரசர் எந்திரிக்கவே இல்லீங்க.

— கேஸ் தீந்திருக்கும்னு எங்க வீட்டு சார் சொன்னாவ.

— ஜோசப் சாருக்கு எதுக்கெடுத்தாலும் கேஸுதான். அன்னைக்கு என்ர மாடு தின்னாம படுத்ததுக்கும் கேஸுன்னுதான் சொன்னாரு.

— அது சரியாத்தான இருந்துச்சு?

— மாட்டுக்குச் சரிங்க. இங்க பாருங்க, கேஸ் குழாய் வாயில இருக்கிற ஊசியைத் தொட்டதும் புஸ்ஸுனு சீறுது. கேஸ் இருக்குது. பெல்ட்டும் இறுக்கமா இருக்குது. அடுத்து ஃபியூஸ்.

— சீக்கிரம் பாருங்க. சாயங்காலம் கேக் அங்க நிக்கணும். இது வெறும் ஆர்டர் இல்ல அண்ணாச்சி. பொண்ணு நம்ம மலையாம்.

— மலையில எந்த நாட்டுப் பொண்ணுங்க?

— அதெல்லாம் கேக்கல. மாப்பிள்ளையோட அக்காதான் போன்ல பேசினா. உங்க பக்கம் மலையை விட்டு வெளிய பொண்ணு குடுக்க மாட்டாவளாமே? அந்தப் பிள்ளை தானா எறங்கிப் போயி கட்டிக்கிட்டா. இன்னைக்கு அவ பக்கத்துல இருந்து ஒரு ஆளு வராது. அதனால, மலையில இருந்து கேக்காவது வரட்டும், பாத்தா சந்தோசப்படுவான்னு அந்த அக்கா சொன்னா. அப்படிப்பட்ட கேக் ஒழுகிப் போய் நின்னா அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஃபியூஸ் என்னாச்சு?

— ஃபியூஸ் பாக்கறேனுங்க. கம்பி அறலை. ஃபியூஸ் நல்லாருக்குது.

— பெறவு என்னதான் கேடு?

— இந்தக் கறுப்பு டப்பி இருக்குதுங்களே, ரிலே. நீங்க பட்டனை அமுக்கினா, இதுதான் கம்ப்ரசருக்குக் கரண்டைத் தள்ளி உடோணும். அமுக்குங்க... தள்ளலை. இது செத்துப் போச்சு.

— செத்துட்டா வேற வாங்கிப் போடுங்க. சோளக்காட்டுச் சந்தையில கிடைக்காதா?

— சோளக்காட்டுல மிளகு கிடைக்கும், பலா கிடைக்கும். இதுக்குக் கீழ சேந்தமங்கலம் போகோணும். போய்த் திரும்பறதுக்குள்ள பொழுது எறங்கிரும்.

— ஐயோ, கர்த்தாவே.

— பயப்படாதீங்க டீச்சர். அடுத்தாப்ல இருக்கிறதும் இதே அளவு டப்பிதான், ஹாரனுக்கு. அதைப் புடுங்கி இங்க சொருகறேன். இப்ப அமுக்குங்க.

— டக்குன்னுச்சு! அண்ணாச்சி, குளுருது! உண்மையாவே ஐஸ்கட்டிதான்!

— சொன்னேனுங்களே? நான் வித்த வண்டிங்க.

— ஹாரனை அமுக்குதேன்... இதென்ன, அடிக்கல?

— அடிக்காதுங்க. செத்த டப்பி இப்ப ஹாரன்ல இருக்குது.

— ஹாரன் இல்லாம எழுபது வளைவு எப்பிடி எறங்க? எதுத்தாப்ல பஸ்காரன் வந்தா? பொறுங்க, தொடாத ஏசிக்கு டப்பி எப்பிடிச் சாகும்? நீங்க மாத்திப் போட்ட மாதிரியே முன்னாடியும் எவனோ மாத்திப் போட்டிருக்கான். ஹாரன் டப்பி செத்திருக்கும், ஏசி டப்பியை எடுத்து அங்க வச்சிருக்கான்.

— எவனோ இல்லீங்க. நான்தான்.

— நீங்களா?

— இப்பத்தான் நெனப்பு வருது. தை மாசம், விடியக்காலம். அவசரமா கீழ எறங்கினேன். முப்பதாவது வளைவுக்கிட்ட ஹாரன் போயிருச்சு. மூடுபனி, எதுக்க லாரி. தப்பிச்சது அந்தக் கொல்லிப்பாவை புண்ணியம். மலைக்காரனுக்கு ஏசி எதுக்கு, ஹாரன்தான் உசுருன்னு அங்கயே நின்னு மாத்தினேன். அப்புறம் அதை நெனைக்கவே இல்ல. உங்களுக்கு விக்கறப்பவும் நெனப்பு வரலீங்க.

— அவ்வளவு அவசரமா எங்க போனீய?

— ஒருத்தரைக் கூட்டிட்டு வரப் போனேன்.

— வந்தாவளா?

— வரலீங்க. திரும்பி வந்ததும் வண்டியை வித்துட்டேன். கீழ எறங்கற சோலி இனி இல்லீன்னு.

— சரி, போனது போகட்டும். இப்பம் ஒரு யோசனை சொல்லுதேன். மலையில நமக்கு ஏசி வேண்டாம், சன்னலைத் தொறந்தா போதும். காரவள்ளிக்குக் கீழ ஹாரன் இல்லாட்டியும் மெதுவா ஓட்டிரலாம். அப்போ நல்ல டப்பி காரவள்ளி வரைக்கும் ஹாரனுக்கு. அங்க நிறுத்தி ஏசிக்கு மாத்திருவோம். சேந்தமங்கலத்துல புதுசு ஒண்ணு வாங்கிருவோம்.

— அடடா! இது எனக்குத் தோணலை பாருங்க. சரியான யோசனை. வாங்க, எதைப் புடுங்கி எங்க சொருகோணும்னு காட்டறேன்.

— எனக்கு எதுக்குக் காட்டுதீய? நீங்களும் வாங்களேன். எங்க சாருக்கு இன்னைக்கு டிரெயினிங். நான் ஓட்டினா கேக்கை யார் பிடிக்க? ஒவ்வொரு வளைவுக்கும் அது ஒரு பக்கம் சாயும்.

— நானுங்களா? நான் கீழ எறங்கறதில்லீங்க.

— அப்பிடி என்ன சத்தியமா?

— ஊருக்கு முன்னால சொன்ன சொல்லுங்க. அந்தப் பேச்சை உடுங்க டீச்சர். பக்கத்து வீட்டுச் சுமதியைக் கூப்பிட்டுக்கோங்க, அது புடிச்சுக்கும்.

— சுமதி முதல் வளைவுலயே வாந்தி எடுப்பா. சரி, நான் பாத்துக்கிடுதேன். பெல்ட்டைப் போட்டு இறுக்கிட்டு ஆமை மாதிரி எறங்குதேன். உங்க சொல்லு உங்களுக்கு.

— ...ஏனுங்க, அந்தப் பெட்டியைச் சித்த தொறந்து காட்டறீங்களா? பாத்துட்டுப் போயிர்றேன்.

— தாராளமா. மெதுவா, மூடியை இப்பிடித் தூக்கணும்.

— ஆத்தாடி. கோயில் கோபுரமாட்டம் இருக்குதுங்களே.

— நல்லாருக்கா?

— கண்ணு பட்டுரும். மேல மஞ்சளா வட்டமா இருக்கிறது என்னங்க?

— அன்னாசித் துண்டு. நம்ம கொல்லிமலை அன்னாசி. உள்ள வெறும் வெண்ணெய் கேக்குதான், பழம் மேல மட்டும்.

— பேரு எழுதலீங்களா?

— குலுங்கினா அழிஞ்சிரும். மண்டபத்துல போய் எழுதுவேன். மாப்பிள்ளை பேரு பிரவீன், பொண்ணு பேரு...

— தெரியுங்க. நீங்க பின்னால உக்காந்து பெட்டியை நல்லாப் புடிச்சுக்கோங்க, வண்டியை நான் ஓட்டறேன். சோளக்காட்டுல நிறுத்தி நல்ல பலாச்சுளையா வாங்கித் தாரேன், அந்த அன்னாசியை எடுத்துப் போட்டுட்டு அதை வெச்சிருங்க. என்ர மக ரஞ்சிதாவுக்கு அன்னாசி ஆகாதுங்க, சின்னப் புள்ளையில இருந்தே ஒரு துண்டு தின்னா நாக்கு வெடிச்சுரும், நான்தான் ராவெல்லாம் மடியில போட்டுத் தேன் தடவுவேன்.