பூவெல்லாம் லோடுதான்

— ஏம்பா குரு, கம்ப்யூட்டருக்கு ஃபேனு, மனுசங்களுக்கு வேர்வையா? அத்த இந்தப் பக்கம் திருப்பி வையி.

— திருப்பக் கூடாதுக்கா. பழைய சிஸ்டம், சூடானா ஸ்லோவாயிடும். அதான் பொட்டியோட சைடு மூடியக் கூட கழட்டிப் போட்டு காத்து வுட்டுக்கினு இருக்கேன்.

— கழட்டிட்டியே, வேகமாயிடுச்சா?

— கொஞ்சம்...

— கொஞ்சமாம்! வைகாசில நீ வீடியோ எடுத்த கல்யாணம். ஆடி போயி ஆவணியும் பொறந்தாச்சி. அவலூர்பேட்டைலருந்து செஞ்சிக்கு பஸ் ஏறி ஏறி கண்டக்டரே என்னை நலம் விசாரிக்கிறான். எப்ப வந்தாலும் 'ரெண்டர் ஆவுதுக்கா, ரெண்டர் ஆவுதுக்கா'. அந்தப் பொட்டி உள்ள இன்னாதான் பண்ணுது கருமம்?

— நான் வெட்டி ஒட்டினதெல்லாம் சேத்து ஒரே படமா ஆக்குதுக்கா. ஒரே ஒரு நிமிசம் பொறுங்க.

— உன் ஒரு நிமிசத்த எனக்குத் தெரியாதா? ஏ மங்கை, நீ பாருடி. அந்தப் பச்சைக் கோடு நகர்ந்திருக்குதா?

— இல்லம்மா. நாம வந்தப்ப இருந்த எடத்துலயேதான் இருக்குது.

— கேட்டுக்கோ. சாயங்காலத்துக்குள்ள முடியுமா முடியாதா?

— இப்படியே வுட்டா நாளைக்குத்தான்க்கா.

— நாளைக்கா? இன்னிக்கு சாயங்காலம் மாப்பிள ஊரு வல்லத்துல பெரியவங்க கூடி உக்கார்றாங்க. அவங்க முன்னாடி இந்தப் படத்தப் போட்டாத்தான் இவ வாழப் போவா. இல்லன்னா என் கூடவே இருக்க வேண்டியதுதான்.

— இன்னாக்கா சொல்றீங்க? மங்கை, இன்னா ஆச்சி?

— ஆடிக்கு அம்மா வூட்டுக்கு வந்தேன்ண்ணா. ஆவணி பொறந்ததும் வந்து கூட்டிக்கினு போவணும் இல்ல? வரல.

— எப்படி வருவாங்க? அந்த ரத்தினம்மா, இவ மாமியாரு, ஆளு மேல ஆளு சொல்லி அனுப்புறா. 'நாங்க மண்டபத்துல வந்து எறங்கறப்ப பொண்ணப் பெத்தவரு நாற்காலிய வுட்டு எழுந்திருக்கல. ஒரு கும்பிடு போடல. மரியாத தெரியாத வூடு'ன்னு. மரியாதைய இவதான் எட போட்டு விக்கிறா போல!

— அவரும் போன எடுக்க மாட்டேங்கிறாருண்ணா. 'உங்க நைனா வந்து மன்னிப்பு கேக்கட்டும்'னு ஒரே ஒரு மெசேஜ். அவ்ளோதான்.

— இன்னாத்துக்குக் கேக்கணும்? எங்க வூட்டுக்காரு மந்தம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வந்தவங்கள வாங்கன்னு சொல்லாத மனுசன் இல்ல. எழுந்தியா இல்லியான்னு தெனம் கேக்கிறேன், வாயத் தொறந்தாத்தானே? இப்பக் கூட உள்ள வராம தெருமுனைல நிக்கிறாரு பாரு, கடன்காரனுக்குப் பயந்த மாதிரி.

— அம்மா, நைனாவ வுடு. அண்ணா, வரவேற்பு வர்ற எடத்த மட்டும் வெட்டி போன்ல போட்டுக் குடுங்க. அது போதும்.

— நீ சும்மா இரு. முழுசாத்தான் போடணும். நாம செஞ்ச சீரப் பாத்து அவ வாயடைச்சி நிக்கணும். ஏம்பா, வேகமாக்க ஒரு வழியும் இல்லியா?

— லோட கொறைச்சா வேகமாயிடும்க்கா. படத்து மேல பூ, இதயம்னு தூவியிருக்கேன் இல்ல, அந்த எஃபெக்ட்டுதான் லோடு. ஒவ்வொரு பூவையும் சிஸ்டம் ஒவ்வொண்ணா வரையணும் இல்ல?

— எவன் கேட்டான் பூவ? இன்னா இன்னா போட்டு வச்சிருக்க, சொல்லு.

— மொதல்ல ராஜகிரி. பொண்ணும் மாப்பிளையும் ஸ்லோமோஷன்ல ஓடியாருவாங்க. மேலருந்து இதயம் இதயமாக் கொட்டும்.

— கோட்டை ஏறவே முடியாம ரெண்டும் மூச்சு வாங்கிக்கினு நின்னுச்சிங்க. அதுல ஓட்டம் வேறயா? எடு.

— ராணிக்கோட்டைல சூரியன் அப்படியே இவங்க ரெண்டு பேரு மூஞ்சியா மாறும்க்கா. அதுக்கே நான் ரெண்டு ராத்திரி...

— சூரியனையும் எடு.

— மாப்பிளையோட சித்தப்பா டான்ஸ் இருக்குது. சுத்தி பொகை வர்ற மாதிரி பண்ணியிருக்கேன்.

— அது ஆட்டமா? வேட்டி அவுந்ததுதான் மிச்சம். பொகையோட சேத்து ஆளையும் தூக்கு.

— சரிக்கா. படத்தையும் ஃபோர்-கே தரத்துலருந்து சாதாவா எறக்கிடட்டுமா? பெரிய டிவில கொஞ்சம் மங்கலாத் தெரியும்.

— ரத்தினம்மா மூஞ்சி மங்கலாத் தெரிஞ்சா பாக்கறவங்களுக்கு நல்லதுதான். எறக்கு.

— இதோ, நிறுத்திட்டு மறுபடியும் ஓட வுடுறேன்.

— அம்மா, கோடு நகருதும்மா!

— நகராம? இத்தினி நாளா குப்பைய ஏத்தி வச்சிட்டு பொட்டி பழசு பொட்டி பழசுன்னு அழுதுக்கினு இருந்தான். இன்னும் இன்னா மிச்சம் இருக்குது?

— மண்டப வாசல் வரவேற்புல சுத்தி ஒரு ரோஜாப்பூ வட்டம். அது இருக்கட்டும்க்கா.

— ஏன் இருக்கணும்?

— அழகா இருக்குது. அதுல லோடும் கம்மி.

— இப்பத்தான பூவெல்லாம் லோடுன்ன? உனக்கு ஒரே நாக்கா, ரெண்டு நாக்கா?

— சொன்னா கேளுங்கக்கா. அந்த எடத்துல மட்டும் வேணாம்.

— நான் படம் எடுக்கக் கூப்ட்டனா, பூக்கடை வைக்கக் கூப்ட்டனா? முக்கியமான எடமே அதுதான். பூவ எடு. மேல போட்டிருக்கிற பாட்டையும் எடு. எங்க வூட்டுக்காரு வாங்க வாங்கன்னு கூப்புடறது வல்லம் பூரா கேக்கட்டும்.

— எடுத்தப்பறம் என் மேல கோவப்படக் கூடாது.

— கோவம் உன் மேல எப்பவோ வந்தாச்சி. எடுத்துட்டு ஓட வுடு, பாப்போம்.

— சிக்கி சிக்கித்தான் ஓடும்க்கா... இந்தாங்க.

— அதோ ரத்தினம்மா வேன்லருந்து எறங்குறா பாரு. நடையப் பாரு, மண்டபமே அவளுது மாதிரி.

— அம்மா, ஓரத்துல பாரு. நைனா! எழுந்துட்டாரும்மா! ரெண்டு கையயும் கூப்பிக்கினு எழுந்துட்டாரு!

— நான் சொல்லல? இனிமே பேசட்டும் அவ! ஆமா, அது யாரு கை? சட்டையப் புடிச்சி அவரக் கீழ இழுக்குது?

— வளையலப் பாரும்மா.

— குரு, சத்தத்தக் கொற.

— கொறைக்காதீங்கண்ணா. மறுபடியும் போடுங்க. 'உக்காருய்யா. வேன்ல வந்து எறங்கினா மகாராணியா? மொதல்ல அவ கும்பிடட்டும்.' இது உன் கொரல்தானம்மா?

— அன்னிக்கு எனக்கு ஆயிரம் வேல. போற போக்குல எதையோ சொல்லியிருப்பேன். அதெல்லாம் ஞாபகமா இருக்குது?

— அதுக்குத்தான்க்கா அந்த எடத்துல பூ போட்டு மூடி வச்சேன்.

— எழுந்தியா இல்லியான்னு தெனம் அவர வறுத்தெடுத்தியேம்மா. ஊரே கேவலமாப் பேசிச்சி. உன்னக் காட்டிக் குடுக்காம இருந்தாரே நைனா.

— சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லியா அவருக்கு?

— பேச வுட்டியா நீ? அண்ணா, வேற எதுவும் வேணாம். இந்த எடத்த மட்டும் ரெண்டர் போடுங்க. பெரியவங்க பாக்கட்டும். மன்னிப்பு கேக்க வேண்டியது எங்க நைனா இல்ல.

— போட்டுட்டேன்மா.

— ஏ மங்கை! அவ முன்னாடி என்னைக் கொண்டு போய் நிக்க வெப்பியா? பெத்தவடி நான்! தம்பி குரு, நான் சொல்றத கேளுப்பா. உனுது பழைய பொட்டிதானே? ஃபேன நிறுத்திடு, நல்லா சூடாவட்டும். பூவப் போடு, இதயத்தப் போடு, அந்த சூரியனையும் போடு. நாளைக்குத்தான் முடியும்னு நீயே சொன்ன இல்ல? மெதுவாவே ஓடட்டும் சாமி, அவசரமே இல்ல.

— லோடே இல்லாத எடம்க்கா அது. முடிஞ்சிடுச்சி.