உமிக்கரி மூடிய இரும்பு

"போன மாசம் காந்தத்துல ஒட்டின இரும்புத் தூள் மறுகிழமை ஒட்டல்ல, ராத்தா."

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த கம்பஸ் மாணவி தன் மூத்த சகோதரியிடம் சொன்னாள்.

"ஏன் புள்ள?"

"நானோத் துணிக்கை, கண்ணுக்கே தெரியாது. காத்துப் பட்டதும் துருப்பிடிச்சிட்டு. இந்த முறை உமிக்கரியால மூடிச் சுட்டிருக்கன்."

"மூணு தரமும் சரிவரல்ல. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் தலைப்ப மாத்தச் சொன்னாரே?"

"சொன்னார். மாத்தமாட்டன் எண்டுட்டன்."

நிந்தவூரில் அவளுடைய போன் அடித்தது. ஆய்வுகூடத்துத் தோழி.

"ஒரு கிழமையாத் தூள் தண்ணிக்குள்ள கிடந்த போத்தல்ல காந்தத்தப் புடிச்சியா?" என்று கேட்டபடியே எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னவாம்?"

"கறுப்புத் தூளெல்லாம் காந்தப் பக்கம் வந்துட்டாம், துருப்பிடிக்கல்ல. தண்ணி தெளிஞ்சிட்டாம். அல்ஹம்துலில்லாஹ்!"

"அப்ப வேலை முடிஞ்சிதா?"

"இல்ல ராத்தா. நாளைக்கு மறுகா முதல்ல இருந்து செய்யணும். ஒருக்கா ஒட்டினா ஆரும் நம்பமாட்டாங்க."